செய்தி நையாண்டி: குமரி மாவட்டத்தில் பார்ப்பவர்களும் செய்ய விரும்புபவர்களும் கேட்கும் கேள்விகள்

செய்தி நையாண்டி என்று எதைச் சொல்கிறோம்? மீம், மிமிக்ரியிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது?

செய்தி வாசிப்பவரின் மேசை, கோட்டு, முதுகுக்குப் பின்னால் படம், நிதானமான குரல் எல்லாம் அப்படியே இருக்கும். உட்கார்ந்திருப்பவர் மட்டும் நகைச்சுவைக் கலைஞர். அவர் சொல்வது அன்றைய உண்மைச் செய்தி. அந்தச் செய்தியில் சொல்லுக்கும் செயலுக்கும் எங்கே ஒட்டவில்லையோ அங்கே சிரிப்பு பிறக்கிறது. மிமிக்ரி ஒருவரின் குரலையும் நடையையும் பிடிக்கிறது. மீம் ஒரே படத்தில் ஒரே வரியைச் சொல்லி முடித்துவிடுகிறது. நையாண்டிச் செய்திக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வசவுதான்.

இத்தனை செய்தி சேனல்கள் இருக்கும்போது, மக்கள் ஏன் ஒரு நகைச்சுவைக் கலைஞரிடம் செய்தி கேட்க உட்காருகிறார்கள்?

வழக்கமான செய்தியில் அமைச்சர் இப்படிச் சொன்னார், எதிர்க்கட்சித் தலைவர் அப்படிச் சொன்னார் என்று இரண்டையும் வைத்துவிட்டு வாசிப்பாளர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். பார்ப்பவர் மனதில் "இதே ஆள் மூணு வருஷத்துக்கு முன்னால வேற மாதிரில்லா பேசினாரு" என்று ஒன்று ஓடுகிறது. அதைத் திரையில் யாரும் சொல்வதில்லை. நையாண்டித் தொகுப்பாளர் அந்தப் பழைய கிளிப்பைத் தேடி எடுத்து இன்றைய கிளிப்புக்குப் பக்கத்தில் வைக்கிறார். தன் நினைவு சரிதான் என்று தெரிந்ததும் பார்ப்பவருக்கு ஒரு நிம்மதி வருகிறது. சிரிப்பில் பாதி அந்த நிம்மதிதான்.

அமெரிக்காவில் காமெடி சென்ட்ரல் சேனலின் 'தி டெய்லி ஷோ' இந்த உத்தியைப் பழக்கிவிட்டது. 1996 ஜூலையில் தொடங்கிய அந்த நிகழ்ச்சிக்கு 1999 ஜனவரியில் ஜான் ஸ்டூவர்ட் தொகுப்பாளராக வந்தார், 2015 ஆகஸ்ட் வரை இருந்தார். 2009-இல் டைம் இதழ், அதிகம் நம்பத்தக்க செய்தியாளர் யார் என்று இணையத்தில் கேட்டபோது 44 சதவீத வாக்கு அவருக்கு விழுந்தது. யார் வேண்டுமானாலும் சொடுக்கக்கூடிய வாக்கெடுப்பு அது, மக்கள் தொகையை அளந்த ஆய்வாகாது. இருந்தாலும் தொழில்முறைச் செய்தி வாசிப்பாளர்களை ஒரு நகைச்சுவைக் கலைஞர் முந்தினார் என்பது செய்தித் துறைக்குப் பெரிய எச்சரிக்கையாக இருந்தது.

இன்னொரு காரணம் நேரம். எட்டுச் சன்னலில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் கத்தும் விவாதத்தில் எந்தப் பொருளும் விளங்காது. எச்.பி.ஓ. சேனலில் ஜான் ஆலிவர் 2014 ஏப்ரல் முதல் நடத்தும் நிகழ்ச்சியில், அரை மணி நேரத்தில் பெரும்பகுதி ஒரே பொருளுக்குப் போகிறது. மீனவர் காப்பீடு, ரப்பர் விலை, கனிமவள லாரி என்று நம் ஊர்ப் பொருள் ஒன்றைப் பதினைந்து நிமிடம் பொறுமையாக விளக்குங்கள் என்றால் எந்தச் செய்தி சேனலும் தயங்கும். இடையிடையே சிரிக்க வைப்பதால்தான் பார்ப்பவர் அவ்வளவு நேரம் எழுந்து போகாமல் இருக்கிறார்.

ஒருவர் செய்தி சொன்னால் சிரிப்பு எப்படி வருகிறது? அதற்கு ஏதாவது இலக்கணம் உண்டா?

உண்டு, அதுவும் தமிழிலேயே உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று நகைக்கு நான்கு நிலைக்களம் சொல்கிறது. அந்த நூல் அரங்கேறியபோது கேட்டவர் என்று பாயிரம் குறிக்கும் அதங்கோட்டாசானின் ஊர் விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் என்பது இந்த மாவட்டத்தாரின் நெடுநாள் நம்பிக்கை. அதனால் இதை நம் ஊர்ச் சொத்தாகவே எடுத்துப் புழங்கலாம்.

இன்றைய நையாண்டி நிகழ்ச்சியின் பாத்திரங்களை அந்த நான்கில் இளமை தவிர்த்த மூன்றோடு பொருத்திப் பாருங்கள். எள்ளல் தொகுப்பாளருடையது: தவறு செய்தவரை நேரே பார்த்து இகழ்வது. பேதைமை களத்துக்குப் போகும் நிருபர் வேடத்துக்குப் பொருந்தும்: ஒன்றும் தெரியாதவர் போல் அதிகாரியிடம் சின்னப்பிள்ளைக் கேள்வி கேட்பது. மடன் என்பது கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொள்வது என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். மூன்றிலும் கூர்மையானது இதுதான். அறிக்கையில் சொன்னதை முழுசாக நம்புகிற ஆளாக நடித்து, அந்த நம்பிக்கையை அதன் எல்லை வரை கொண்டுபோவது. 2005 முதல் 2014 வரை அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஸ்டீபன் கோல்பேர் தன் நிகழ்ச்சி முழுவதும் இப்படி ஒரு நம்பிக்கைக்காரராகவே நடித்தார். புதிதாக எழுதுபவர்கள் எள்ளலை மட்டுமே பிடித்துக்கொள்கிறார்கள், அதனால் ஐந்தாவது நிமிடத்தில் பார்ப்பவருக்கு அலுப்பு தட்டுகிறது.

தொலைக்காட்சியில் இது எங்கே தொடங்கியது?

பிரிட்டனில் பி.பி.சி. 1962 நவம்பரில் டேவிட் ஃப்ராஸ்ட் தொகுத்த வாராந்தர நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பதவியில் இருந்த பிரதமரைத் தொலைக்காட்சியிலேயே கேலி செய்தது அன்றைக்குப் புதுசு. அடுத்த ஆண்டு இறுதியோடு அது நின்றுபோனது. அமெரிக்காவில் 'சாட்டர்டே நைட் லைவ்' 1975-இல் தொடங்கியபோதே போலிச் செய்தி மேசை ஒன்றை வைத்திருந்தது. எகிப்தில் இதய அறுவை மருத்துவர் பாசிம் யூசுஃப் 2011 புரட்சிக்குப் பிறகு வீட்டில் துணி துவைக்கும் அறையில் இருந்து யூடியூபுக்குப் பேசத் தொடங்கினார். அங்கிருந்து தொலைக்காட்சிக்குப் போனார், 2013-இல் கைதாணைக்கு உள்ளாகி விசாரிக்கப்பட்டார், 2014-இல் நிகழ்ச்சியை நிறுத்தினார். ஸ்டூடியோ இல்லை என்று தயங்குபவர்கள் அந்தத் துணி துவைக்கும் அறையை நினைத்துக்கொள்ளலாம்.

தமிழில் இப்படி எதுவும் இல்லையே, ஏன்?

தொலைக்காட்சியில் குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. பெரும்பாலான தமிழ்ச் சேனல்கள் ஏதோ ஒரு கட்சியின் நிழலில் நிற்பதால் ஒரு பக்கத்தை மட்டுமே கேலி செய்ய முடிகிறது. அப்படிச் செய்தால் அது பிரசாரமாகிவிடுகிறது. விஜய் டிவியின் லொள்ளு சபா போன்றவை சினிமாவைத்தான் கிண்டல் செய்தன. மேடையிலும் அச்சிலும் நிலைமை வேறு. சோ ராமசாமி 1970 பொங்கலுக்குத் தொடங்கிய துக்ளக் இதழ் அரசியல் நையாண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று அந்த இடம் யூடியூபுக்குப் போய்விட்டது. கோபி, சுதாகர் செய்யும் பரிதாபங்கள், விகடனின் தி இம்பர்ஃபெக்ட் ஷோ இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நாடகமாக நடித்துக்காட்டும் முறைக்கும் மேசையில் உட்கார்ந்து செய்தியைப் பிரிக்கும் முறைக்கும் உள்ள வேறுபாடு பிடிபடும்.

குமரி மாவட்டத்துக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் மலையாளச் சேனல் ஓடாத வீடு குறைவு. ஏசியாநெட்டில் 2000-ஆம் ஆண்டு முதல் வந்த முன்ஷி, சில நிமிடங்களிலேயே அன்றைய அரசியலைப் பேசி ஒரு பழமொழியோடு முடிந்துவிடும். ஒரு பொருள், நாலு ஆள், ஒரே இடம், சுருக்கமான நேரம் என்ற அந்த அளவு சிறு குழுக்களுக்கு மிகச் சரியான பாடம்.

இது வெளிநாட்டுச் சரக்குதானே? நம் ஊர்க் கலையில் இதற்கு வேர் உண்டா?

வேர் இங்கேதான் ஆழமாக இருக்கிறது. தோல்பாவைக் கூத்தில் ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போது உச்சிக்குடுமியும் உளுவத்தலையனும் திரைக்கு வந்து அந்த ஊர் ரோட்டையும் ரேஷன் கடையையும் பற்றிப் பேசுவார்கள். கதை இலங்கையில் நடக்கும், பேச்சு உள்ளூரில் நடக்கும். பார்ப்பவர்கள் சிரிப்பது அந்த இரண்டு பாவைகளுக்காகத்தான்.

வில்லுப்பாட்டு இன்னும் நெருக்கம். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று உட்கார்ந்த குழுவில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், இடையில் கேள்வியும் கேட்பார். செய்தி மேசையில் தொகுப்பாளரும் நிருபரும் செய்கிற வேலை இதுவேதான். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லுப்பாட்டாகக் கொண்டுபோனார். நந்தனார் கதாகாலட்சேபத்தின் வடிவத்தை எடுத்து, படிக்கத் துடிக்கும் ஏழைச் சிறுவனின் கதையாகக் கிந்தனாரை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த மரியாதையான வடிவத்துக்குள் இன்றைய கேள்வியை வைக்கும் அந்த வித்தைதான் செய்தி நையாண்டியின் அடிப்படை. கோட்டு போட்ட மேசைக்குப் பதிலாக வில்லை வைத்தே நிகழ்ச்சி செய்தால் குமரி மாவட்டத்தில் அது இன்னும் நன்றாக எடுபடும்.

இதைப் பார்ப்பதால் அரசியல் புரிகிறதா, சிரித்துவிட்டுப் போய்விடுகிறோமா?

இரண்டும் நடக்கிறது. தேர்தல் நிதி எப்படி ஓடுகிறது என்று காட்டுவதற்காக கோல்பேர் 2011-இல் சட்டப்படியே ஒரு நிதிக்குழுவைப் பதிவு செய்து, அதன் ஒவ்வொரு படியையும் நிகழ்ச்சியில் காட்டினார். அந்தப் பொருளில் அவருடைய பார்வையாளர்களுக்கு மற்றச் செய்திகளைப் பார்த்தவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருந்தது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனென்பர்க் மையம் 2014-இல் சொன்னது. 2006-இல் வெளியான இன்னோர் ஆய்வு, டெய்லி ஷோ பார்த்த இளைஞர்களுக்கு வேட்பாளர்கள் மேலும் தேர்தல் முறை மேலும் அவநம்பிக்கை கூடியது, ஆனால் அரசியல் தனக்குப் புரிகிறது என்ற தன்னம்பிக்கையும் கூடியது என்று கண்டது.

செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது 2009-இல் வந்த ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு. கோல்பேரின் நடிப்பை எல்லோரும் ரசித்தார்கள். பழமைவாதப் பார்வையாளர்களில் பலர் அவர் சொல்வதை உண்மையிலேயே நம்பிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். நடிப்பு முழுமையாக இருந்தால் அடுத்த பக்கத்தில் இருப்பவர் அதைப் பாராட்டு என்றே புரிந்துகொள்வார். அதனால் ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இடத்திலாவது வேடத்தைக் கழற்றி நேரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.

எங்கள் படிப்பகத்தில் மாதம் ஒரு நிகழ்ச்சி செய்ய நினைக்கிறோம். எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரம்?

ஐந்து பேர் போதும்: எழுத இருவர், தகவல் சரிபார்க்க ஒருவர், வாசிக்க ஒருவர், கேமராவும் எடிட்டிங்கும் பார்க்க ஒருவர். எழுதுபவரே சரிபார்க்கக் கூடாது. தன் ஜோக் மேல் உள்ள பாசத்தில் அவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

நேரம் 10 நிமிடம். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 100 முதல் 120 சொல் வரும். சிரிப்புக்கு இடைவெளி விட்டால் 900 சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். தொடக்கத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு ஐந்து சிறு செய்திகள், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரே ஒரு பெரிய பொருள், அடுத்து இரண்டு நிமிடம் களத்தில் இருந்து நிருபர், மீதி முடிப்பு. பெரிய பொருளை முதலில் வைத்தால் தாமதமாக வந்து உட்காருபவர்கள் தவறவிடுவார்கள்.

மாதத்தின் முதல் வாரம் பொருள் தேர்வு, இரண்டாம் வாரம் ஆவணமும் கிளிப்பும், மூன்றாம் வாரம் எழுத்து, நான்காம் வாரம் சத்தமாக வாசித்துப் பார்த்துப் பதிவு. சத்தமாக வாசிக்கும் நாளில் எழுதியதில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உள்ளூர்ப் பொருளுக்கு ஆதாரம் எங்கே எடுப்பது?

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தொடங்குங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டது என்பது நல்ல ஆதாரம். அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலும் திருப்தி இல்லாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

பலரும் தவறுவது கேள்வி கேட்கும் முறையில். "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடலாம். "இன்ன சாலைப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் மூன்றும் இருக்கும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் கேமரா முன்னால் அளந்தால் களநிருபரின் இரண்டு நிமிடம் தயார்.

ஒரு செய்தியை நையாண்டியாக மாற்றுவதைப் படிப்படியாகக் காட்ட முடியுமா?

கற்பனைக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். 7,40,000 ரூபாயில் பேருந்து நிழற்குடை கட்டித் திறப்பு விழாவும் நடந்தது. பேருந்து அங்கே நிற்பதில்லை, 200 மீட்டர் தள்ளிப் பழைய இடத்திலேயே நிற்கிறது. கேட்டதற்கு எழுத்தில் வந்த பதில்: "நிழற்குடை நல்ல நிலையில் உள்ளது."

முதல் எழுத்தில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "பஸ் வராத பஸ் ஸ்டாப்பைக் கட்டிய புத்திசாலிகள்!" இதில் எள்ளல் மட்டுமே இருக்கிறது, யாருக்கும் புதுத் தகவல் இல்லை. எந்த ஊருக்கும் பொருந்தும் வரி எந்த ஊரிலும் சிரிப்பு வாங்காது.

இரண்டாம் எழுத்தில் எண் உள்ளே வரும்: "7,40,000 ரூபாய் நிழற்குடையில் இதுவரை மழைக்கு ஒதுங்கியது இரண்டு ஆடு." தேவலை. ஆனால் இரண்டு ஆடு என்று சொன்னால் இரண்டு ஆடு நிற்கும் படம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிஜமான 7,40,000-ஐயும் பார்ப்பவர் சந்தேகப்படுவார்.

மூன்றாவது, மடன்: "நிழற்குடை நல்ல நிலையில் உள்ளது என்கிறது அலுவலகம். நூற்றுக்கு நூறு உண்மை. யாரும் உட்காராத பெஞ்சு எப்படித் தேயும்?" இங்கே அவர்களுடைய வாக்கியமே அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. நாம் ஒரு சொல்லும் கூட்டவில்லை, மறுக்கவும் ஆளில்லை. தேட வேண்டியது இந்த வரியைத்தான்.

வில்லுப்பாட்டு வடிவில் இன்னும் எளிது. புலவர்: "நிழற்குடை கட்டியாச்சு." குழு: "ஆமா." "பெஞ்சும் போட்டாச்சு." "ஆமா." "கல்வெட்டுல பேரும் வெட்டியாச்சு." "ஆமா, ஆமா." "பஸ்ஸு நிக்குமா?" குழு வாய் திறக்காது. குடம் அடிப்பவர் கை அந்தரத்தில் நிற்கும். மூன்று "ஆமா" கேட்டுப் பழகிய காது நான்காவதுக்குக் காத்திருக்கும்போது வரும் அந்த இரண்டு நொடி அமைதிதான் ஜோக். அதை உடுக்கை அடித்து நிரப்பிவிடாதீர்கள். முந்தைய "ஆமா" மூன்றும் ஒரே வேகத்தில் விழ வேண்டும், ஒன்று பிந்தினாலும் அமைதி பிழைபோல் தெரியும்.

நம் பேச்சுவழக்கில் வாசிக்கலாமா, செய்தித் தமிழில்தான் வாசிக்க வேண்டுமா?

செய்தியைச் செய்தித் தமிழில் வாசித்து, கருத்தை நாஞ்சில் வழக்கில் சொல்லுங்கள். அந்த மாற்றமே பார்ப்பவருக்கு அடையாளம்: எது ஆவணம், எது நம் பேச்சு என்று தெரிந்துவிடும். களத்தில் பேட்டி எடுக்கும்போது அண்ணாச்சி, அக்கா, பாட்டா என்று முறை சொல்லிக் கூப்பிடுங்கள். "லே", "மக்கா" எல்லாம் குழுவுக்குள் பேசிக்கொள்ள மட்டும். பேட்டி கொடுப்பவர் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது, கேள்வி கேட்கும் நிருபர்தான் ஆக வேண்டும். கடற்கரை வழக்கையோ மேற்குப் பகுதியின் மலையாளம் கலந்த பேச்சையோ சிரிப்புக்கு எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள், அது பேசுபவரை மட்டுமே காயப்படுத்தும்.

கேமரா, ஒலி, விளக்கு?

ஒரு நல்ல கைப்பேசி போதும். நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 50-இல் ஒன்று என்று பூட்டி வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு அளவில் எடுத்தால் டியூப் லைட்டின் துடிப்பு திரையில் கோடாக ஓடும். விளக்கு இரண்டு: ஒன்று முகத்துக்கு 45 பாகையில், மற்றது எதிர்ப்பக்கத்தில் பாதி வெளிச்சத்துடன். பச்சைத் துணி கட்டினால் வாசிப்பவர் அதிலிருந்து ஆறடி தள்ளி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தோளில் பச்சை ஒளி ஏறும்.

படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி கெட்டால் எழுந்து போய்விடுவார்கள். சட்டையில் குத்தும் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரை அறையில் பதிவு வேண்டாம், இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் ஆண்டில் பாதி நாள் வீணாகும். ஆரல்வாய்மொழியிலோ முட்டம் கடற்கரையிலோ களப்பதிவு என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, ரோம உறை வேண்டும். அதுவும் ஆடி மாதக் காற்றில் முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்று பேசினால்தான் சொல் கேட்கும்.

பதிவு செய்த சிரிப்பை ஒட்டாதீர்கள். பதினைந்து பேரை உட்கார வைத்து, அவர்களை நோக்கித் தனியாக ஒரு மைக் வைத்தால் நிஜச் சிரிப்பு கிடைக்கும். எங்கே சிரிக்கவில்லை என்பதும் தெரியும்.

எழுத்து நன்றாக இருந்தும் ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன தவறு?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. செய்தியே பார்ப்பவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும்: முதல் இரண்டு வாக்கியத்தில் செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட்டு ஜோக்குக்குப் போங்கள். அல்லது சிரிக்க வேண்டிய சொல் வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்: தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து சிரிப்பை அமுக்கிவிடும், "பெஞ்சு எப்படித் தேயும்?" என்பதுபோல் கூர்மை கடைசியில் விழும்படி வாக்கியத்தை மாற்றுங்கள். அல்லது வாசிப்பவர் தானே முதலில் சிரித்திருப்பார்.

யாராவது வழக்குப் போட்டால்?

நையாண்டி என்பதற்காகத் தனிச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், சமூக சேவை என்று சொல்கிறது. பொதுநலனுக்காகச் சொல்லப்பட்ட உண்மையும், அரசு ஊழியரின் பொதுப்பணி பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்தும் விதிவிலக்கு. அதனால் பணியைப் பேசுங்கள், குடும்பத்தையும் உடலையும் பேசாதீர்கள். "திருடன்" என்று சொல்வதற்குப் பதில் அளவுப் புத்தகத்தையும் டேப்பையும் காட்டுங்கள், முடிவைப் பார்ப்பவரிடம் விடுங்கள்.

சட்டமன்றத்துக்கு உரிமை மீறல் என்ற தனி அதிகாரமும் உண்டு. 1987 ஏப்ரலில் அட்டைப்பட நகைச்சுவைத் துணுக்கு ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று பேரவை தீர்மானித்தது. எதிர்ப்பு கிளம்ப, சில நாளிலேயே விடுவித்தார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது, அந்தச் சித்திரத்தை நீக்கச் சொல்லி முடக்கத்தை விலக்குமாறு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னொரு பக்கம், அரசு பற்றிய தகவலில் பொய் எது என்று அரசின் பிரிவே தீர்மானிக்கும் விதியை எதிர்த்து நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா தொடுத்த வழக்கில், 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அந்த விதி செல்லாது என்றானது.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கோப்பு போடுங்கள். வரிக்கு வரி ஆதாரம், வெட்டாத முழுக் கிளிப், தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.

செய்தி சேனல் கிளிப்பை எடுத்துப் போடலாமா?

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. எத்தனை நொடி என்று சட்டத்தில் இல்லை. கேலி செய்யும் வாக்கியம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் எடுங்கள், முன்னும் பின்னும் உங்கள் பேச்சு இருக்கட்டும். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம், யூடியூபின் தானியங்கிக் கருவி நொடியில் பிடித்துவிடும். 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

கோயில் கொடை விழாவிலும் தேவாலயத் திருவிழா மேடையிலும் நடத்தலாமா?

நடத்தலாம், அங்கேதான் கூட்டம் இருக்கும். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வாங்கி இரவு 10 மணிக்குள் முடியுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பான எதையும் திரையிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மதத்தையும் சாதியையும் பொருளாக எடுக்க வேண்டாம். மண்டைக்காட்டில் 1982-இல் நடந்த மதக் கலவரம் இந்த மாவட்டத்தில் இன்னும் ஆறாத புண். கோயில் நிர்வாகத்தின் கணக்கையோ தேவாலயப் பங்கின் கணக்கையோ கேள்வி கேட்க வேண்டியிருந்தால், அந்த மதத்தைச் சேர்ந்த ஒருவரே எழுதி அவரே வாசிக்கட்டும்.

நாங்கள் சொன்ன கேலியை வாட்ஸ்அப்பில் உண்மைச் செய்தி என்று பரப்பிவிட்டார்கள். எப்படித் தடுப்பது?

இது பெரிய பத்திரிகைகளுக்கே நடந்திருக்கிறது. வடகொரிய அதிபர் கிம் ஜாங் உன்தான் அந்த ஆண்டின் கவர்ச்சியான ஆண் என்று 2012-இல் அமெரிக்க நையாண்டி இதழ் தி ஆனியன் எழுதியதை, சீனாவின் பீப்பிள்ஸ் டெய்லி இணையதளம் உண்மையென்று எடுத்து 55 படங்களோடு வெளியிட்டது.

"நையாண்டி" என்ற சொல்லைத் திரையின் ஒரு மூலையில் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்துங்கள். தொடக்கத்தில் மட்டும் போட்டால் வெட்டி எடுக்கும்போது போய்விடும். அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெட்டவும் முடியாது. நிஜ சேனலின் சின்னம், எழுத்து வடிவம், "பிரேக்கிங் நியூஸ்" பட்டை எதையும் நகலெடுக்காதீர்கள். மழை விடுமுறை, புயல், கடலுக்குப் போகத் தடை, மின்தடை, மருந்து ஆகியவற்றில் கற்பனைச் செய்தி கூடவே கூடாது. ஒக்கிப் புயலைப் பார்த்த கடற்கரையில் வானிலை அறிவிப்போடு விளையாட யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் தகவலே தவறாகிவிட்டது. நீக்கிவிடலாமா?

சத்தமில்லாமல் நீக்காதீர்கள். அதே நாளில் விளக்கப் பகுதியிலும் முதல் கருத்துரையிலும் எது தவறு, சரியானது எது என்று எழுதுங்கள். ஒருவரின் பெயருக்குக் கெடுதல் வரும் தவறு என்றால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, வெட்டியதைச் சொல்லுங்கள். அடுத்த நிகழ்ச்சியின் முதல் செய்தியாக அந்தத் திருத்தத்தை, ஜோக் எதுவும் சேர்க்காமல், செய்தித் தமிழில் வாசியுங்கள்.